பின்வாசல் கும்பிடு

முன்வாசல்லயா? அதெல்லாம் நடக்காதும்மா. லைட்டிங் நல்லாருக்கும், தேக்குத் தூணு வரிசையா பின்னால தெரியும், எல்லாம் சரிதான். ஆனா இதுக்குப் பேரே பின்வாசல் கும்பிடு. முன்வாசல்ல வச்சு எடுத்தா அதுக்குப் பேரு ரிசப்ஷன். அந்த ஸ்டாண்டைத் தூக்கிட்டு இங்கிட்டு வாங்க. பாத்து, படி வழுக்கும். பாத்திரம் கழுவுற தண்ணி பூராவும் இந்த வழியாத்தான் ஓடும்.

யாரு சொன்னா ஒங்களுக்கு? சாலா ஆச்சியா? முட்டி வலிக்குது, சந்து சுத்திப் பின்னாடி வர முடியாதுன்னாங்களா? நேத்து சாயந்தரம் சங்கீத்துன்னு ஒண்ணு வச்சு மேடையில மூணு பாட்டுக்கு ஆடினாங்களே, அப்ப அந்த முட்டி எங்க போயிருந்துச்சு? நீங்கதான வீடியோ எடுத்தீங்க, பாத்திருப்பீங்களே.

நானா? பொண்ணுக்குத் தாய்மாமன் பொண்டாட்டி. சாலா எனக்கு நாத்தனா, எம் புருஷன் ராம்நாத்துக்கு அக்கா. நேர்ல ஆச்சின்னு கூப்பிடணும், இந்தக் குடும்பத்து வழக்கம் அது. எம் மனசுக்குள்ள என்ன வழக்கம்னு ஒங்களுக்கு எதுக்கு. சாலாவோட புருஷன் வீடு பங்காளிக் கேசுல பூட்டிக் கெடக்கு, அதனால மக கல்யாணத்தப் பொறந்த வீட்டுல வச்சிருக்கா. பாரம்பரிய வீடு, பாரம்பரியக் கல்யாணம். ட்ரோன் வேற பறக்குது.

ஒண்ணு சொல்றேம்மா, வெட்கத்த விட்டுச் சொல்றேன். இன்னிக்கு இந்தக் கல்யாணத்துல நீங்க எதக் கோட்டை விட்டாலும் நான் கேக்க மாட்டேன். தாலி கட்டுறப்ப ஒங்க கேமரா கூரையப் பாத்துக்கிட்டு இருந்திருந்தாக்கூட எனக்குக் கவலை இல்ல. ஆனா இந்த ஒரு சடங்கு, இந்த வாசல்ல, சாலா செருப்பில்லாம நடந்து வந்து செய்யணும். அத நீங்க மொத்தமா எடுக்கணும். அதுக்காகத்தான் காலையிலருந்து ஒங்களத் தேடிக்கிட்டு இருக்கேன். காப்பி குடிக்கிறீங்களா? குடிங்க, இன்னும் அரை மணி நேரம் இருக்கு. பொண்ணு மதுமிதா பட்டுப்புடவை மாத்திக்கிட்டு இருக்கா. அவ மாத்துனா மாத்திக்கிட்டே இருப்பா.

சடங்கு என்னன்னு தெரியாமலா வந்தீங்க? ரீல்ஸ்ல பாத்தீங்களா. ரீல்ஸ்ல பாதிதான் வரும். நான் சொல்றேன். தாலி கட்டி முடிஞ்சதும் பொண்ணு பின்கட்டுக்கு வந்து இந்தக் கதவுக்கு உள்ள நாலடி தள்ளி நிக்கணும். தாய்மாமன் பொண்டாட்டி அவ பக்கத்துல நிக்கணும். தாழ்ப்பாள் அவ கையில. பொண்ணப் பெத்தவ, வெறுங்காலோட, சந்து வழியா வந்து இந்தப் படிக்கு வெளியில நிக்கணும். நின்னு, உள்ள வரலாமான்னு மூணு தடவ கேக்கணும். உள்ள இருக்கிறவுக யாரும் பதில் சொல்லக் கூடாது. அப்புறம் அவ ரெண்டு கையையும் குவிச்சு, பாத்திரம் தேய்க்கிற அம்மா ஊத்துற தண்ணிய வாங்கிக் குடிக்கணும். சொம்பு கூடாது, டம்ளர் கூடாது. துணியில முடிஞ்ச பதினோரு முந்திரிக்கொட்டையப் படியில வச்சிட்டு, திரும்பிப் பாக்காமப் போயிரணும். அவ தல மறைஞ்சதும் உள்ள இருக்கிற அத்தனை பேரும் குனிஞ்சு அவ நின்ன படியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும். சின்னப்பிள்ளை ஆத்தா, போயிட்டு வான்னு சொல்லணும். அவ்வளவுதான்.

அழுகை வருதா? எல்லாருக்கும் வருது. சென்னையில மண்டபத்து அடுப்படிக் கதவுல வச்சுச் செஞ்சிருக்காங்க, சமையக்காரங்கள்லாம் அழுதாங்களாம். சிங்கப்பூர்ல ஒரு கல்யாணத்துல பின்வாசலே இல்ல, ஃபயர் எக்ஸிட் கதவுல நின்னு செஞ்சாங்க. அலாரம் அடிச்சு ஓட்டலே காலியாப் போச்சு. அப்பவும் விடாம மூணாவது தடவ கேட்டுட்டுத்தான் போனாங்களாம். எனக்கு வாட்ஸப்புல வந்துச்சு. நான் அந்த வீடியோவ எத்தன தடவ பாத்தேன்னு எனக்கே தெரியாது.

இல்ல இல்ல, பாக்கெட் முந்திரி கூடாது. அந்தப் பிளேட்டக் கொண்டுபோய் உள்ள வைங்க. வறுத்த முந்திரிய ரோஜாப்பூ நடுவுல அலங்காரம் பண்ணிக் கொண்டாந்திருக்காங்க, ஈவெண்டு ஆளுங்களாம். இது ஓட்டோட இருக்கணும். இந்தா பாருங்க, நானே காலையில பொறுக்கினேன். ஆமா, கொல்லையில நிக்குதே, அந்த மரத்துலருந்துதான். இந்தத் தெருவுல வேற எங்கயும் முந்திரி கெடையாது, நீங்க கேட்டது சரிதான். வெறுங்கையால ஓட்ட ஒடைக்காதீங்க! ஓட்டுல இருக்கிற பால் பட்டா தோல் வெந்துரும். எங்க ஊர்ல முந்திரி ஒடைக்கிற பொம்பளைங்க கையப் பாத்தா ரேகையே இருக்காது.

எங்க ஊரு? கந்தர்வக்கோட்டைப் பக்கம். ஓ, நீங்க என்னைய இந்த வீட்டு ரத்தம்னு நெனச்சீங்களா. எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. கோட்டைப்பட்டினத்துலருந்து மீன் கொண்டுவர்ற அம்மா பத்து வருஷமா என்னைய இந்த வீட்டுப் பொண்ணுன்னும் சாலாவ மருமகள்னும் நெனச்சுக்கிட்டு இருந்துச்சு. அந்தளவுக்குப் பேசுவேன். இவுக எங்க இழுப்பாக, எங்க முழுங்குவாக, யாரு வந்தா எந்த வார்த்தை, எல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. சாலாவுக்கே வராது. அவ பத்து வயசுல ஊட்டிக்குப் படிக்கப் போனவ.

நானும் கான்வென்ட்டுதான். புதுக்கோட்டையில, ஹாஸ்டல்ல இருந்து. தமிழ் பேசினா கழுத்துல ஒரு அட்டை மாட்டுவாங்க. அடுத்து எவ தமிழ் பேசி மாட்டுறாளோ அவ கழுத்துக்கு அது போகும். அதனால பொழுதன்னிக்கும் நாங்க அடுத்தவ வாயையே பாத்துக்கிட்டு இருப்போம். கனவுல தமிழ் பேசினவளக்கூடக் காட்டிக் குடுத்திருக்கேன் நான். என்ன சிரிக்கிறீங்க, நெசமாத்தான். அந்தப் படிப்பு இந்த வீட்டுல நல்லா ஒதவுச்சு. இங்க அட்டை மட்டும்தான் இல்ல.

கல்யாணமாகி வந்த மறுநாளு காலையில, எங்க அம்மான்னு ஏதோ சொல்ல ஆரம்பிச்சேன். சாலா அப்ப முழுகாம இருந்தா, மதுமிதா வயித்துல. பிரசவத்துக்குன்னு அஞ்சாம் மாசமே வந்து ஒக்காந்துக்கிட்டா. பலகாரம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தவ இலையிலருந்து நிமிந்து, அம்மாவாம்ல, கந்தர்வக்கோட்டை பஸ்ஸு நம்ம அடுப்படி வரைக்கும் வந்துருச்சு பாருன்னா. இவுக பெத்தவள ஆத்தாம்பாக. எல்லாரும் சிரிச்சாக. இவரு சிரிக்கல, பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. ராம்நாத்தச் சொல்றேன். இப்பவும் முன்கட்டுல அதத்தான் பண்ணிக்கிட்டு இருப்பாரு, போய்ப் பாருங்க.

லவ் மேரேஜா? ஆமா, கம்ப்யூட்டர் சென்டர்ல. அந்தக் கதைய விடுங்க, அதுல ஒண்ணும் சுவாரசியம் கெடையாது.

அன்னிக்கே ஒரு நோட்டு எடுத்தேன். லாங் சைஸ் நோட்டு. கான்வென்ட்டுல தப்பு விட்ட ஸ்பெல்லிங்க நோட்டுல எழுதி வைக்கச் சொல்லுவாங்க பாருங்க, அது மாதிரி. எதுக்கெல்லாம் திட்டு வாங்குறேனோ அத எழுதி வைப்பேன். வெள்ளிக்கிழமை இன்னது சொல்லக் கூடாது. சம்பந்தி வந்தா எல இந்தப் பக்கம் போடணும். செத்த வீட்டுக்குப் போனா இந்த வார்த்தை. மாமியாரு ஆறு வருஷம் படுக்கையில கெடந்தாங்க, அப்பவும் திட்டுக்கு மட்டும் கொறைச்சல் இல்ல. நோட்டு நெறைஞ்சு போச்சு. சாலா ஒரு புஸ்தகம் போட்டிருக்காள்ல, வழவழன்னு, மேல குத்துவிளக்குப் படம் போட்டு, எங்கள் மரபுன்னு? அது என்னன்னு நெனச்சீங்க? நான் வாங்கின திட்டோட பட்டியல்.

ஆமாம்மா. மாமியாரு போனப்புறம் போன் பண்ணினா. நீ ஒரு நோட்டு வச்சிருக்கியாமே, எடுத்து வை, கருமாதிக்கு வாரேன்னா. வந்தா. முன்கட்டுல ஒக்காந்து ஒரு பக்கம் விடாம போன்ல போட்டோ எடுத்தா. ஒரு வருஷம் கழிச்சுப் புஸ்தகம் வந்துச்சு. கடைசியில நன்றின்னு ஒரு பக்கம். அவ நாய்க்கு நன்றி சொல்லியிருக்கா. ப்ரூனோ இல்லாமல் இந்நூல் இல்லைன்னு. என் பேரு எங்கயும் இல்ல. அதுக்கப்புறம் மேடை, மெடலு, மரபுச் செம்மல்னு பட்டம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இவளத்தான் கூப்பிட்டு மொற கேக்குறாங்க. இவ ரெஸ்ட் ரூமுக்குப் போற மாதிரிப் போயி எனக்குப் போன் பண்ணுவா. நானும் சொல்லுவேன்.

கோவமா? இது கோவமில்லம்மா. புஸ்தகத்துக்காக நான் இவ்வளவு தூரம் மெனக்கெட மாட்டேன். எடுத்துட்டுப் போகட்டும். திட்ட வாங்கினது நான், பேர வாங்கினது அவ, அவ்வளவுதான. எங் கணக்கு வேற.

எனக்கு எது பொறுக்கலன்னா, கேளுங்க. நான் பேச்ச மாத்திக்கிட்டு ஆறேழு மாசம் கழிச்சு எங்க ஊருக்கு ஒரு நாளு போனேன். எங்கம்மா களத்துல கொட்டை காய வச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் ஏதோ கேட்டேன், சாதாரணமா, வெயிலு அதிகமோ என்னமோன்னு. இந்த வீட்டு ராகத்துல கேட்டிருக்கேன், எனக்கே தெரியல. எங்கம்மா எந்திரிச்சு, முந்தானைய எடுத்துச் சொருகிக்கிட்டு, வாங்க, ஒக்காருங்கன்னுச்சு. என்னைய. பெத்த மகளப் பாத்து வாங்கன்னுச்சும்மா. நான் கிண்டல் பண்ணுதுன்னு நெனச்சேன். இல்ல. அதுக்கு நெசமாவே கூச்சம் வந்துருச்சு. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் வா, போன்னு என்கிட்டப் பேசல. நான் பழைய மாதிரி பேசிப் பாத்தேன். வாயில வரல. நடிக்கிற மாதிரி இருந்துச்சு. அட்டை மாட்டின வாயி, ரெண்டு தடவ மாட்டினது, அவ்வளவு லேசுல திரும்புமா.

செத்துப்போயி மூணு வருஷம் ஆச்சு. மாமியாருக்கு ரெண்டு மாசம் முன்னாடி. இந்த வீட்டுலருந்து ஒருத்தரும் வரல. மாமியாரப் பாக்க வந்திருந்த சாலா அடுப்படியில நின்னுக்கிட்டுப் போன்ல பேசுறது காதுல விழுந்துச்சு. கந்தர்வக்கோட்டை போயிருச்சாம், அதான் இவ கெளம்பிட்டா, சமையலுக்கு ஆளு பாக்கணும்னு. கந்தர்வக்கோட்டை போயிருச்சாம்! தாலுகாவே மண்ணுக்குள்ள போன மாதிரி. இருபத்தேழு வருஷத்துல இந்த வீட்டுல ஒருத்தரும் எங்கம்மாவுக்குப் பேரு என்னன்னு கேட்டதில்ல. ராம்நாத்துக்குத் தெரியும். ஆனா அவரு பேப்பரத் தவிர எதையும் படிக்கிறதில்ல.

கொஞ்சம் தள்ளி வைங்க ஸ்டாண்ட. படி முழுசாத் தெரியணும், அவ பாதம் தெரியணும்.

சின்னப்பிள்ளை ஆத்தா கதையா? சாலா மேடையில சொல்லுவாளே, கேட்டதில்லையா? முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி கப்பல்ல போன வியாபாரியோட பொண்டாட்டியாம். கப்பல் கவுந்து குடும்பம் நொடிச்சுப் போச்சாம். மக வாழப் போன வீட்டுக்கு முன்வாசல் வழியா வர்றதுக்கு மானம் எடங்குடுக்காம, பின்வாசல்ல வந்து நின்னு பாத்துட்டுப் போனாளாம். பாத்திரம் இல்லாம தண்ணி குடிக்கிறது துறவோட குறியீடாம். முந்திரி, கடல் கடந்து வந்த செல்வத்தோட குறியீடாம். எல்லாம் அவளாச் சொன்னது. போன வருஷம் இருநூறு வருஷம்னா, இந்த வருஷம் முன்னூறுன்றா. எதுத்த வீட்டுப் பெரிய ஆச்சி, எண்பத்தி ரெண்டு வயசு, நேத்து எங்கிட்டயே சொல்றாக, எங்க கல்யாணத்துலல்லாம் இத எம்புட்டு விமரிசையாச் செஞ்சோம் தெரியுமான்னு. நான் தலையாட்டினேன். எனக்கு உள்ளுக்குள்ள வந்த சிரிப்பு இருக்கே, பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

ஏன்னா? ஏன்னா நோட்டுல இந்தச் சடங்கு இருக்கிற பக்கம் மட்டும் நான் திட்டு வாங்கி எழுதினது இல்ல. கருமாதிக்கு வாரேன், நோட்ட எடுத்து வைன்னு இவ போன் பண்ணினாளே, அன்னிக்கு மத்தியானம் ஒக்காந்து எழுதினேன். நடுவுல ரெண்டு பக்கம் காலியாக் கெடந்துச்சு. அதே பேனா, அதே கான்வென்ட்டு கையெழுத்து.

அட, காப்பியக் கொட்டிறாதீங்க.

கதைய எங்கருந்து எடுத்தேன்னா கேக்குறீங்க? எங்கயும் போகல. நான் வந்த மொத மாசம். சித்திர வெயிலு. இந்த வீட்டு முன்வாசல்ல ஒரு பொம்பள வந்து நின்னா. மூணு பஸ் மாறி வந்தவ. கையில துணிப் பை, பையில சொந்தத் தோப்பு முந்திரிக்கொட்டை. உள்ள பலகாரம் நடந்துக்கிட்டு இருக்கு. சாலா வயித்தத் தாங்கிக்கிட்டே சொன்னா, பின்னாடி வரச் சொல்லு, அங்கயே நிக்கட்டும்னு. அந்தப் பொம்பள செருப்ப முன்வாசல்லயே விட்டுட்டு, சுடுற சந்துல நடந்து வந்து, இந்தா இந்தப் படிக்கு வெளியில நின்னுச்சு. உள்ள வரலாமான்னு கேட்டுச்சு. மூணு தடவ. பாத்திரம் தேய்க்கிற அம்மாதான் பாவம் பாத்து, கையில தண்ணி ஊத்துச்சு. சொம்பு குடுக்க அதுக்கு உத்தரவு இல்ல. குடிச்சிட்டு, பைய அவுத்து, முந்தானையக் கிழிச்சுப் பதினோரு கொட்டைய முடிஞ்சு படியில வச்சிட்டு, திரும்பிப் பாக்காமப் போயிருச்சு. அதுல ஒண்ணத்தான் கொல்லையில நட்டேன். அந்த மரம்.

ஆமா. சின்னப்பிள்ளை. எங்கம்மா பேருதான்.

சாலாவுக்கு ஞாபகம் வந்திருக்குமான்னா? அதத்தான் நானும் பாத்துக்கிட்டு நின்னேன். போட்டோ எடுத்துக்கிட்டு வந்தவ நோட்டுல அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தினா. ரெண்டு தடவ படிச்சா. சத்தியமாச் சொல்றேன், அவ ஒரு தடவ தலையக் குனிஞ்சிருந்தாப் போதும், பேச்சே வேண்டாம், அந்தப் பக்கத்த அவ கண்ணு முன்னாடியே கிழிச்சுப் போட்டிருப்பேன். அவ நிமிந்து பாத்து என்ன சொன்னா தெரியுமா? அடடா, எவ்வளவு அழகான சடங்கு, எனக்கே தெரியாமப் போச்சேன்னா.

அழகான சடங்காம்.

அன்னிக்கு உள்ள நாலடி தள்ளி யாரு நின்னதுன்னு நீங்க கேக்க வேண்டாம். நான்தான் நின்னேன். தாழ்ப்பாள் எங் கைக்கு எட்டுற தூரம். வாயத் தொறந்து வாம்மான்னு ஒரு வார்த்தை. அம்மான்னு சொன்னா இவ சிரிப்பாளேன்னு, ஆத்தான்னு சொன்னா எங்கம்மா புரியாம முழிக்குமேன்னு, எந்த வார்த்தைன்னு தேடிக்கிட்டே நின்னேன். தேடி முடிக்கிறதுக்குள்ள போயிருச்சு. அதனாலதான் தாய்மாமன் பொண்டாட்டி உள்ள நிக்கணும்னு எழுதினேன். என் எடத்தையும் எழுதி வச்சேன். தப்பிச்சுக்கிட்டேன்னு யாரும் சொல்லிறக் கூடாதுல்ல.

என்ன அது, சட்டையில சொருகியிருக்கீங்களே, சிவப்பா மின்னுதே, மைக்கா? அப்பருந்தே ஓடுதா? ஓடட்டும். பதறாதீங்க, நான் ஒண்ணும் சொல்லல. இத வச்சிக்கிறதும் அழிக்கிறதும் ஒங்க இஷ்டம். வச்சீங்கன்னா கடைசியில பேரு ஓட விடுவீங்கள்ல, அதுல சரியாப் போடுங்க. சின்னப்பிள்ளை, கந்தர்வக்கோட்டை. முன்னூறு வருஷம்லாம் வேண்டாம்.

வர்றா, வர்றா. வாடி மது. அத்தைக்குப் பக்கத்துல வந்து நில்லு. இப்படி, நாலடி தள்ளி. புடவை நல்லாருக்கு. எம்புட்டுக் கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது, என்ன? சிரிக்கவும் கூடாது. ஒங்கம்மா வந்துக்கிட்டு இருக்காளா? செருப்ப முன்வாசல்ல விட்டாளா? நல்லது.

கேமராவப் பாருங்கம்மா, என்னையப் பாக்காதீங்க.

ம். ஒண்ணு.

முட்டி வலின்னா சுவத்தப் பிடிச்சுக்கட்டும். தாழ்ப்பாள நான் விட மாட்டேன். மது, அசையாத.

ரெண்டு.

மைக்க இன்னும் கொஞ்சம் கதவுகிட்டக் கொண்டு போங்க. மூணாவது தடவதான் கொரல் எறங்கும். எனக்குத் தெரியும்.